ஒன் வீட்டுக்கு வழி ஒனக்குத் தெரியாதாடே?

மச்சில கம்பு நட்டு, உச்சியில ஏரியல் கட்டி, ஒயரை சன்னல் வழியா உள்ள இழுத்து, கம்ப்யூட்டர்ல நம்ம ஜில்லாப் படத்தை விரிச்சுப் போட்டிருக்கியே மக்கா, கொள்ளாம். பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்சு வாங்கி, வி.யூ.3-ன்னு தொடங்குக ஒரு பேரும் வாங்கிட்டே. ஒன் அப்பன் வச்ச பேரு போதாதுன்னு அரசாங்கம் ஒண்ணு வச்சிருக்கு. நல்ல காரியம். நான் குத்தம் சொல்ல வரல்ல. எனக்கு ஒரே ஒரு சம்சயம். அம்புட்டுப் பெரிய படத்துல நீ வச்சிருக்கது ஒரே ஒரு புள்ளி. அதுவும் ஒன் வீடு. புள்ளிக்குப் பக்கத்துல வீட்டுப் பொம்மை வேற. செகண்ட் ஷோ பாத்துட்டு வாறப்ப வழி தவறிப் போயிருவோம்னு பயமாடே?

பாட்டாவுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. நான் சர்வேக்காரன் பொறத்தால சங்கிலி பிடிச்சு நடந்தவன். எல்லைக்கல்லு ஒரு சாண் நகந்ததுக்கு மூணு தலைமுறை பேசாம இருந்த குடும்பத்தையெல்லாம் பாத்தவன். ஒரு புள்ளியை எங்க வைக்கணும், யாருக்காக வைக்கணும், எப்ப எடுக்கணும்கதுல ஒன் கம்ப்யூட்டருக்கும் என் சங்கிலிக்கும் வித்தியாசம் கெடையாது. ஒன் பெட்டியில லைட்டு எரியுது, அவ்வளவுதான்.

ரேடியோ வழியா படத்துல புள்ளி வைக்க இந்த ஏ.பி.ஆர்.எஸ். வித்தையை ஒண்டாக்கின மனுசன் பேரு பாப் புரூனிங்கா. அமெரிக்கக் கடற்படை அகாதமியில வேலை பாத்தவரு. ரேடியோப் பேரு டபிள்யூ.பி.4 ஏ.பி.ஆர். 1982-ல ஆப்பிள் கம்ப்யூட்டர்ல கடற்படைக் கப்பல் எங்க எங்க நிக்குன்னு படத்துல காட்ட ஒரு புரோகிராம் எழுதினாரு. 1984-ல அதையே மாத்தி எழுதி எதுக்குத் தெரியுமா வச்சாரு? குதிரைக்கு. நூறு மைல் குதிரை ஓட்டம் ஒண்ணு நடந்தது. எந்தக் குதிரை எங்க நிக்கு, எது எந்த நெலமையில இருக்குன்னு சொல்லதுக்கு. கவனிச்சியா? புரூனிங்கா வீட்டைக் காட்ட இல்ல, குதிரையைக் காட்ட. 1992-ல இப்ப உள்ள பேரோட ஊரறிய வந்தது. அவரு 2022-ல செத்துப்போற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன சேதி ஒண்ணு உண்டு. இது வண்டி எங்க ஓடுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கதுக்கான சாமானம் இல்ல. இந்த வட்டாரத்துல இந்த நிமிசம் என்ன நடக்குன்னு எல்லாரும் ஒரே நேரத்துல அறியதுக்கானது. அதை ஒன் காதுல போட ஆளில்ல. ஒன் பைக்குல ஒரு கருவியை மாட்டிக்கிட்டு, டீக்கடைக்குப் போனே, திரும்பி வந்தே, பெறகும் போனேன்னு வானத்துல எழுதிக்கிட்டு இருக்கே. ஒன் அம்மைக்குத் தெரியக்கூடாத கதையெல்லாம் பின்லாந்துக்காரன் ஒருத்தன் நடத்துக வலைத்தளத்துல கோடு போட்டுக் கெடக்கு. ஹெய்க்கி ஹன்னிகைனன்னு பேரு. நல்ல மனுசன், உலகம் முழுக்க உள்ள ரேடியோக்காரன் புள்ளியெல்லாம் அங்க வந்து விழும். நீ தெனமும் எத்தனை ரசவடை தின்னேன்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

அது போட்டும். பத்து செகண்டுக்கு ஒருக்க ஏன்டே ஒன் வீட்டைச் சொல்லுகே? வீடு எழும்பி நடந்திருமா? நிக்க வீட்டுக்கு அரை மணிக்கூறுக்கு ஒருக்க போதும்னு அனுபவப்பட்டவங்க வச்ச வழக்கம். அதுக்குக் காரணம் உண்டு. எல்லாரும் ஒரே அலைவரிசையிலதான் பேசணும். செகண்டுக்கு 1200 பிட்டு, அதுக்கு மேல ஓடாது. 1200 ஹெர்ட்சுல ஒரு விசில், 2200-ல ஒரு விசில், ரெண்டையும் மாத்தி மாத்தி ஊதித்தான் ஒன் புள்ளி போகுது. ஒரு சேதிக்கு அரை செகண்டு, ஒரு செகண்டுன்னு பிடிக்கும். அதை மலைமேல இருக்க ரிப்பீட்டரு கேட்டு இன்னொருக்க சொல்லும், அடுத்தது அதைக் கேட்டு இன்னொருக்க சொல்லும். நீ மேல்மடைக்காரன் மாதிரி மடையைத் தொறந்து விட்டுக்கிட்டே இருந்தா கடைமடையில உள்ளவன் வயலு காஞ்சுதான் கெடக்கும். கடைமடைக்காரன்னா யாரு? கையில சின்ன செட்டு, பாதி செத்த பாட்டரி, எங்கயோ வெள்ளத்துல மாட்டிக்கிட்டு ஒரே ஒரு சேதி சொல்லப் பாக்கவன். அவன் வாயைத் தொறக்க நேரத்துல ஒன் வீட்டுப் பொம்மை குறுக்க விழும்.

இன்னொரு பவுசும் கேள்விப்பட்டேன். விண்வெளி நிலையம் தலைக்கு மேல போறப்ப 145.825 மெகா ஹெர்ட்சுல ஒன் புள்ளியை அனுப்பினா அது வாங்கித் திருப்பி அனுப்புமாமே. நானூறு கிலோமீட்டர் ஒசரத்துக்குப் போய்ட்டு வருது சேதி. செய், வேண்டாம்னு சொல்லல்ல, கேக்கதுக்கே எனக்கும் புல்லரிக்கத்தான் செய்யுது. ஆனா நம்ம தெருவுல கெணத்துக்கு மூடி ஒடஞ்சு கெடக்க சேதி இன்னும் அடுத்த தெருவுக்குப் போகல்ல பாத்துக்க.

சரி, சொந்தப் புள்ளி வைக்க ஆசைப்பட்டுட்டே. மொதல்ல எண்ணை ஒழுங்கா எழுதப் படி.

நாகர்கோவிலை போன்ல பாத்தா 8.18, 77.43-ன்னு காட்டும். அது டிகிரியும் அதுக்குப் பொறத்தால தசமமும். ஒன் ரேடியோ சாஃப்ட்வேரு கேக்கது டிகிரியும் நிமிசமும். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிசம்னு ஆறாம் கிளாசு வாத்தியாரு சொல்லியிருப்பாரு, நீ சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்திருப்பே. 8.18-ங்கது 8 டிகிரி 10.80 நிமிசம். 77.43-ங்கது 77 டிகிரி 25.80 நிமிசம். நீ அந்தக் கணக்கெல்லாம் எதுக்குன்னு 8 டிகிரி 18 நிமிசம், 77 டிகிரி 43 நிமிசம்னு போட்டே. என்ன ஆச்சு? வடசேரி, கோட்டாறு, மணிமேடை, கோர்ட்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நாகர்கோவிலு முப்பது கிலோமீட்டருக்கு மேல நகந்து ராதாபுரம் பக்கம் போய் ஒக்காந்துட்டு. திருவிதாங்கூர்ல இருந்து நம்ம தாலுக்காக்களைப் பிரிச்சுத் தமிழ்நாட்டோட சேக்கதுக்கு 1956 நவம்பர் 1 வரைக்கும் எத்தனை பேரு செயிலுக்குப் போனான், எத்தனை பேரு குண்டடி பட்டான். நீ ஒரு நாளு சாயங்காலம் காப்பி குடிச்சுக்கிட்டே நாகர்கோவிலைத் திருநெல்வேலி ஜில்லாவுல சேத்துட்டே. கன்னியாகுமரி 8.08, 77.55. அதையும் இதே மாதிரி போட்டா அம்மன் கோயிலு உவரிக்குத் தெக்க நடுக்கடல்ல நிக்கும். அங்க போய் தரிசனம் பண்ணதுக்கு வள்ளம் வேணும்.

இதாவது பக்கத்து ஜில்லா. ரெண்டு எண்ணையும் மாத்திப் போட்டவன் கதை தெரியுமா? ரேடியோக் கணக்குல வடக்கு மொதல்ல வரும், கெழக்குப் பொறத்தால வரும். கே.எம்.எல்.னு ஒரு படக்கோப்பு உண்டே, அதுல கெழக்குதான் மொதல்ல. ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுல ஒட்டுகவன் பாக்காம ஒட்டினா, நாகர்கோவிலு வடக்கு 77, கெழக்கு 8-க்குப் போயிரும். அது ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்க உள்ள ஐசுக் கடலு. பனிக்கரடி உண்டு. நம்ம ஆளு அங்கயும் போய் ஒரு புரோட்டாக் கடை போடுவான், அது வேற விசயம்.

மூணாவது ஒரு கண்ணி உண்டு, அது என் தொழிலு சம்பந்தப்பட்டது. பழைய சர்வே படத்துல இருந்து எண்ணு எடுக்காதே, எடுத்தா மாத்தி எடு. லாம்டன்னு ஒரு வெள்ளக்காரரு 1802-ல மெட்ராசுல பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கின பெரிய சர்வே உண்டே, இமயமலை வர ஏறினது, அதுக்குத் தெக்கு முனை நம்ம குமரிதான். பொறவு வந்த எவரெஸ்ட்டு தொரை அந்த அளவுகளை வச்சு 1830-ல பூமிக்கு ஒரு உருவம் கணக்காக்கினாரு. நம்ம பழைய படமெல்லாம் அந்த உருவத்து மேல வரஞ்சது. ஒன் ஜி.பி.எஸ். நம்புகது டபிள்யூ.ஜி.எஸ். 84-ங்க வேற உருவம். ரெண்டுக்கும் நடுவுல நம்ம பக்கத்துல நூறு மீட்டருக்கு மேல தள்ளும். நூறு மீட்டர்னா சும்மாவா? கொளத்துக் கரையில வச்ச புள்ளி கொளத்துக்குள்ள கெடக்கும். அதை நம்பி ராத்திரியில நடந்து வாறவனுக்கு நீந்தத் தெரியணும்.

எண்ணு சரியா எழுதினா இந்த ஏற்பாடு நல்ல நேர்மையானது. நிமிசத்துல நூத்துல ஒரு பங்கு வர எழுதலாம். அது பதினெட்டரை மீட்டர். பாலத்துக்கு எந்தப் பக்கம், கொளத்துக்கு எந்தக் கரைன்னு சொல்ல அது காணும். இன்னொரு வசதியும் புரூனிங்கா வச்சிருக்காரு, அதைக் கேட்டப்ப எனக்கு மனுசன் மேல மரியாதை வந்துட்டு. எடம் சரியாத் தெரியல்லேன்னா கடைசி எண்ணை எழுதாம எடம் விட்டிரலாம். ஒரு எண்ணு விட்டா இந்த எரநூறு மீட்டருக்குள்ள எங்கயோன்னு அர்த்தம், ரெண்டு விட்டா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எங்கயோன்னு அர்த்தம். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லதுக்கு ஒரு முறை. வழி கேட்டா அறியாத ஊருக்கும் கை நீட்டி அந்தான்னு காட்டுக நம்ம ஆளுகளுக்கு இதைச் சட்டமாக்கணும்.

பேரு வைக்கதுல அடுத்த தொல்லை. நீயா வைக்க புள்ளிக்கு ஆப்ஜெக்ட்னு பேராம். அதுக்கு ஒம்பது எழுத்துதான், அதுவும் இங்கிலீசுல. நாகர்கோவிலுக்குக் கச்சிதமா ஒம்பது. தூத்தூருக்கும் ஒம்பது, தக்கலைக்கும் வெள்ளக்காரன் எழுதின மாதிரி எழுதினா ஒம்பது. குளச்சல் எட்டுல முடிஞ்சிரும். மார்த்தாண்டம் பத்து, ஒரு எழுத்து வெளிய நிக்கும். ஆரல்வாய்மொழிக்குப் பன்னெண்டு. இரவிபுத்தன்துறைக்காரன் என்ன செய்வான், பதினேழு எழுத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போவான்? வாயில வந்த மாதிரி வெட்டாதே மக்கா. நீ ஒரு மாதிரி வெட்டினா மார்த்தாண்டத்துல இருக்க ரேடியோக்காரன் வேற மாதிரி வெட்டுவான், ஒரே ஊரு படத்துல ரெண்டு ஊரா நிக்கும். மொதல்ல எல்லாரும் ஒக்காந்து ஒரு பட்டியல் போட்டு அதையே எழுதுங்க. எத்தனை பேரு இருக்கீங்கன்னு எண்ணிப் பாத்தா ஒரு ஆட்டோவுல அடங்கிருவீங்க, இதுக்குக் கூடவா சங்கம் ரெண்டாப் பிரியணும்?

இப்ப வாறேன் காரியத்துக்கு. வீட்டை வேண்டாம்னா வேற எதை வைக்கன்னு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு கேட்டே.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில ஒனக்கு நெனவிருக்காது. மணக்குடியில பழையாறு கடல்ல விழுக எடத்துல கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவுல ஒரு பாலம் உண்டு. அண்ணைக்கு வந்த சுனாமி அலை அந்தப் பாலத்தையே தூக்கிட்டுப் போயிட்டு. அண்ணைக்கு மத்தியானம் இந்த ஒலகத்துல எந்தப் படத்தை விரிச்சாலும் மணக்குடியில பாலம் இருந்திருக்கும். சர்வே ஆபீசுப் படத்துல இருக்கும், ரோடு படத்துல இருக்கும், வெளியூர்ல இருந்து அரிசி மூடை ஏத்திக்கிட்டு வாற லாரிக்காரன் கையில உள்ள படத்துலயும் இருக்கும். ஆத்துல மட்டும் இருக்காது. படம் வரஞ்சவன் பொய் சொல்லல்ல. அவன் வரஞ்ச அண்ணைக்கு அது இருந்தது. பாலம் போச்சுன்னு சொல்ல வேண்டியவன் அங்க நிக்கவன். ஒன் சாஃப்ட்வேர்ல சொந்தப் புள்ளி வைக்க எடம் வச்சிருக்கது அதுக்குத்தான். டெராடூன்ல ஒக்காந்து வரைகவனுக்கும் கலிஃபோர்னியாவுல ஒக்காந்து வரைகவனுக்கும் தெரியாத ஒண்ணு, அங்க நிக்க ஒனக்குத் தெரியும். அதை வை.

அதே அண்ணைக்கு போர்ட்பிளேர்ல பாரதி பிரசாத்னு ஒரு பொம்பளை இருந்தாங்க, ரேடியோப் பேரு வி.யூ.2 ஆர்.பி.ஐ. அந்தமான்ல இருந்து உலகத்து ரேடியோக்காரங்களோட பேசதுக்குன்னு டெல்லியில இருந்து போனவங்க. போனெல்லாம் செத்த நேரத்துல அவங்க செட்டு மட்டும் பேசினது. யாரு உயிரோட இருக்கா, யாருக்கு என்ன வேணும்னு கரைக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்களும் பொழுதுபோக்குக்குத்தான் போனாங்க மக்கா. அண்ணைக்கு அவங்க ஊரு சேதியைத்தான் சொன்னாங்க. அவங்க ஏரியல் எத்தனை அடின்னு சொல்லிக்கிட்டு இருக்கல்ல.

மணக்குடி பாலம் போன மாதிரி ஒண்ணு எப்பவும் வராதுன்னு நினைக்காதே. வருசா வருசம் நடக்கது சின்னதா நடக்கும். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் நெறஞ்சு தண்ணி தொறந்து விட்டா குழித்துறைப் பக்கம் சப்பாத்துப் பாலம் முங்கும். 2021 நவம்பர்ல பேய்ஞ்ச மழையில எந்தெந்த ரோட்டுல எத்தனை அடி தண்ணி நின்னதுன்னு ஒன் கூட்டுக்காரனுக எல்லாவனுக்கும் தெரியும், போன்ல போட்டோ இருக்கும். எந்தப் படத்துலயாவது இருக்கா? எந்தப் பள்ளிக்கூடத்துல ஆளுகளைத் தங்க வைப்பாங்க, எந்தக் கெணத்துல குடிதண்ணி உண்டு, எந்தக் கொளம் ஒடஞ்சா எந்தத் தெருவுக்குள்ள தண்ணி வரும், ஜெனரேட்டர் எங்க இருக்கு, எந்த ரோட்டுல மரம் சாஞ்சா சுத்திப்போக வேற ரோடு எது. இதை ஊர்ல உள்ள கெழடுகட்டைகிட்ட கேட்டா வாய் ஓயாம சொல்லும். என்கிட்டயே கேக்கல்லியே நீ.

இதுல ஒரு வித்தியாசத்தை மனசிலாக்கு. ஒன் திரையில நீ வச்சுக்கிடுகது வேற, ஏரியல் வழியா வெளிய விடுகது வேற. எக்ஸாஸ்டரோ வேற எந்தப் படச் சாஃப்ட்வேரோ, அதுல நீயா ஒரு படலம் செஞ்சு அடுக்கி வச்சுக்கிடலாம். கொளம் ஒரு படலம், பள்ளிக்கூடம் ஒரு படலம், தாழ்ந்த பாலம் ஒரு படலம். ஆயிரம் புள்ளி வை, பத்தாயிரம் வை, எவனும் கேக்க மாட்டான், அலைவரிசையும் நெறயாது. வெளிய விடுக ஆப்ஜெக்டு அப்படியில்ல. இப்ப நடக்கது எதுவோ, இப்ப மத்தவனுக்கு வேணும்கது எதுவோ, அதை மட்டும் விடு. கொளம் நேத்தும் அங்கதான் இருந்தது. அதை வானத்துல கூவாதே. கொளம் ஒடஞ்சா கூவு.

அப்பறம் ஒண்ணு, வெளிய விட்டதைத் திருப்பி எடுக்கணும். ஆப்ஜெக்டுக்குப் பேருக்குப் பொறத்தால ஒரு நட்சத்திரக் குறி போட்டா உயிரோட இருக்குன்னு அர்த்தம், அந்த எடத்துல அடிக்கோடு போட்டு அனுப்பினா செத்துதுன்னு அர்த்தம். எல்லார் திரையில இருந்தும் மறஞ்சிரும். வைக்கதுக்கு நூறு பேரு வருவான், அழிக்கதுக்கு ஒருத்தன் வரமாட்டான். தண்ணி வடிஞ்சு பத்து நாளு ஆன பெறகும் ரோடு முங்கிக் கெடக்குன்னு படம் சொல்லிச்சுன்னா, அடுத்த தடவ உண்மையிலேயே முங்குகப்ப எவன் நம்புவான்? இதுல ஒரு சள்ளையும் உண்டு. நீ வச்ச ஆப்ஜெக்டை அதே பேருல இன்னொருத்தன் அனுப்பினா அது அவன் பேருக்கு மாறிரும். ஒனக்குத் தூக்கம் வந்தா அவன் பாத்துக்கிடட்டும்கதுக்காக வச்ச ஏற்பாடு அது. நம்ம ஊர்ல வரப்புச் சண்டை போட்டுப் பழகின ஆளுக இதையும் கோர்ட்டுக்குக் கொண்டு போகாம இருந்தாச் சரி.

கடலைப் பத்திப் பேசல்லியேன்னு பாக்கே. பேசுகேன், பைய.

நம்ம கடக்கரைக்காரன் வச்சிருக்க படத்தை நீ பாத்திருக்க மாட்டே, ஏன்னா அது தாளுல இல்ல. கடல்ல நின்னு கரையைப் பாப்பான். ஒரு மலை உச்சியும் ஒரு கோயிலு கோபுரமும் ஒரே கோட்டுல வந்தா அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் சேந்தா அது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுக எடத்துக்குக் கீழ பாரு கெடக்கும், மீனு நிக்கும். கணியம்னு சொல்லுவாங்க. லாம்டன் தொரை அத்தனை ஆளும் இரும்பு எந்திரமும் சொமந்து செஞ்ச முக்கோணக் கணக்கு, இவன் ஒரு கட்டுமரத்துல நின்னு வெத்தலை மென்னுக்கிட்டு செஞ்சான். இப்ப அவன்கிட்டயும் ஜி.பி.எஸ். இருக்கு, எண்ணாக் குறிச்சு வச்சிருக்கான். அந்த எண்ணு அவனுக்குச் சொத்து. மகனுக்குச் சொல்லுவான், மருமகனுக்கு யோசிச்சுச் சொல்லுவான். கூட்டுக்காரன் ஒருத்தன் சொன்னான்னு நீ அதை வாங்கி அழகா மீன் பொம்மை போட்டு வானத்துல விட்டேன்னு வச்சுக்க, அடுத்த நாளுல இருந்து கொளச்சல்லயும் முட்டத்துலயும் ஒனக்கு ஒரு சாளை கூட கெடைக்காது. வெட்ஜ் பேங்குன்னு நம்ம தெக்க ஒரு பெரிய மீன்மேடை கெடக்கு, 1976-ல ரெண்டு நாடு ஒக்காந்து ஒப்பந்தம் போட்டு அது இந்தியாவுக்குன்னு எழுதினது. நாடே சண்டை போடாம எழுதி வாங்கின எடம், நீ ஒம்பது எழுத்துல தானம் பண்ணிராதே.

ஒக்கி வந்த கதைக்கு வாறேன். 2017 நவம்பர் 30. அந்தப் புயலு நம்ம முனையைச் சுத்திப் போனப்ப தூத்தூரு, வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கத்து ஆளுக ஆழ்கடல்ல நின்னாங்க, கரையில இருந்து எத்தனையோ நாளு ஓட்டத்துல. நூத்துக்கு மேல குடும்பம் இன்னும் அண்ணைக்குள்ள தேதியில நிக்கு. நான் இதுல கேலி பேச மாட்டேன். ஆனா ஒன்னைப் பத்திப் பேசுவேன். ஒரு சங்கத்துக் கூட்டத்துல, எங்க ரேடியோ இருந்திருந்தா அவங்களைக் காப்பாத்தியிருப்போம்னு பேசினியாமே? பேசாதே. கணக்குப் பாரு. இந்த அலை நேர்கோட்டுல போறது. ஏரியல் ஒசரத்தை மீட்டர்ல வச்சு வர்க்கமூலம் எடுத்து நாலால பெருக்கு, கொஞ்சம் மேல போட்டுக்க, அத்தனை கிலோமீட்டர் எட்டும். ஒன் மச்சுக் கம்பு தரையில இருந்து பதினாறு மீட்டர்னா பதினாறு கிலோமீட்டர் சொச்சம். வள்ளத்துல நாலு மீட்டர் கம்புன்னா எட்டு. ரெண்டும் சேத்து இருபத்தஞ்சு. அவங்க நின்னது அதைப்போல பத்து மடங்குக்கும் அங்கிட்டு. அதுவும் அவங்க கையில இருக்கது கடலுக்குள்ள வி.ஹெச்.எஃப். செட்டு; அந்த அலைவரிசை வேற, ஒன் லைசென்சு வேற, நீ அதுல பேசினா குத்தம். ஆழ்கடலுக்கு வேண்டியது சேட்டிலைட்டு. ஒக்கிக்குப் பெறகு இஸ்ரோ நாவிக் வழியா எச்சரிக்கை சேதி அனுப்புக கருவி கொண்டு வந்தாங்க. கடல்ல இருந்து ஆபத்துன்னு சொன்னா கேட்டாச்சுன்னு பதில் வாற கருவியும் 2024-ல வந்துட்டு. அந்த வேலையை அது பாக்கட்டும்.

ஒனக்குள்ள வேலை கரையில இருந்தது. அந்தப் புயல்ல இந்த ஜில்லா முழுக்க கரண்டு கம்பம் சாஞ்சு, ரப்பரும் வாழையும் தரையோட படுத்து, நாள்கணக்குல கரண்டு இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. எந்த ரோடு தொறந்திருக்கு, எந்த ஆசுபத்திரியில லைட்டு எரியுதுன்னு ஆளை விட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. பின்லாந்து வலைத்தளம் அண்ணைக்கு ஒனக்குத் தெறக்காது. இன்டர்நெட்டுல இருந்து நிமிசத்துக்கு நிமிசம் இழுத்துக் காட்டுக படமும் வெள்ளையாத்தான் நிக்கும், வெள்ளைத் தாளுல ஒன் வீட்டுப் பொம்மை மட்டும் மெதக்கும். அதனால படத்தை இப்பவே எறக்கி வை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்னு பொதுவுல வரைக படம் இருக்கே, நம்ம ஜில்லாவைப் பெட்டிக்குள்ள சேமிச்சு வை. ஒரு மோட்டார்சைக்கிள் பாட்டரியில பெட்டியும் செட்டும் எத்தனை மணிக்கூறு ஓடுதுன்னு ஒரு ராத்திரி கரண்டை அணச்சுப் போட்டுப் பாரு. ஒன் அம்மை சத்தம் போடுவா, நான் சொல்லிக்கிடுகேன்.

அப்பறம் மலை. மச்சுல ரெண்டு அடி ஏத்துகதுக்கு நீ கம்பியை வளச்சுக்கிட்டு நிக்கே. எரநூறு மீட்டர் ஒசரத்துல ஒரு ரிப்பீட்டர் வச்சா ஒரே எடத்துல இருந்து அம்பத்தெட்டு கிலோமீட்டர் எட்டும். நம்ம ஜில்லாவுல மலைக்குப் பஞ்சமா? மேற்குத் தொடர்ச்சி மலை வந்து முடியதே இங்கதான். ஆனா காடு வனத்துறைது, கோயிலு இருக்க மலை கோயிலுக்காரங்களது, அனுமதி கேக்காம கம்பத்தைத் தூக்கிக்கிட்டு ஏறாதே. நானே கல்லு நட்டு அடி வாங்கினவங்க கூட நடந்தவன்.

கடைசியா, சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஆனாலும் சொல்லுகேன். ஒண்டியா இருக்க கெழவி, எழும்ப முடியாம படுத்திருக்கவன், மாசமா இருக்க பிள்ளை. வெள்ளம் வந்தா மொதல்ல தூக்க வேண்டியது இவங்களைத்தான். இந்தப் புள்ளிதான் எல்லாத்துலயும் பெருசு. இதைக் குறி. குறிச்சு ஒன் பெட்டிக்குள்ள வை, கிராம ஆபீசருக்கு ஒரு தாளுல எழுதிக் குடு. ஆனா ஏரியல்ல விடாதே. ஒங்க சட்டப்படி ரேடியோவுல மறச்சுப் பேசக்கூடாது, பூட்டுப் போட்டு அனுப்பக்கூடாது, யாரு வேணும்னாலும் கேக்கலாம். தங்க வளையலோட ஒரு கெழவி தனியா இருக்கான்னு நட்சத்திரக் குறி போட்டு அனுப்பினா, மொதல்ல வாறவன் வள்ளத்தோட வரமாட்டான்.

இதையெல்லாம் கேட்டுட்டுத் தலையை ஆட்டுகே. ஆட்டுகதுக்கு எனக்கு நாலு கெடாரி வீட்டுல நிக்கு. ஐப்பசி மழைக்கு இன்னும் நாளிருக்கு. வாற ஞாயித்துக்கெழமை மணக்குடியில தொடங்கு, சுசீந்திரம், தேரூர் கொளம், ஒழுகினசேரி பாலம்னு பழையாத்து ஓரமாவே ஏறு, மறு வாரம் குழித்துறைப் பக்கம். ஒவ்வொரு பாலத்துலயும் நின்னு எண்ணு எடு, பக்கத்துல உள்ள வயசாளிகிட்ட தண்ணி எதுவரைக்கும் ஏறினதுன்னு கேட்டு எழுது, டிகிரியையும் நிமிசத்தையும் ரெண்டு தடவ பாத்துப் படத்துல ஏத்து. பெட்ரோலுக்குத் துட்டு நான் தாறேன். கூட ஒரு ஆளு வேணும்னா நானும் வாறேன், எனக்கும் வீட்டுல இருந்தா சள்ளையாத்தான் இருக்கு.